அரைஞாண் கயிறு சொன்ன சேதி

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் பாசஞ்சர் வண்டி, சமயநல்லூரையும் சோழவந்தானையும் கடந்து, வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னந்தோப்புகளும் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, வடக்கே சிறுமலைத் தொடரின் நீல முதுகு ஜன்னலை நிறைக்கிற சமயத்தில் வந்து நிற்கிற சிறிய நிலையம் வாடிப்பட்டி. 1973-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், அந்த நிலையத்தில் நாங்கள் ஐந்து குழந்தைகள் இறங்கினோம். அக்காவுக்குப் பதினொரு பிராயம், எனக்கு ஒன்பது, தம்பிகள் இருவருக்கும் ஏழும் ஐந்தும், கடைக்குட்டித் தங்கைக்கு மூன்று. நெஞ்சில் சளி என்று தொடங்கிய அம்மாவின் வியாதி க்ஷயம் என்று நிர்ணயமாகி, அவள் தோப்பூருக்கு அருகே ஆஸ்டின்பட்டியில் உள்ள காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். மில்லில் இராப்பகல் மாறி மாறி வேலை பார்த்து வந்த அப்பா, எங்களைச் சின்னம்மாவின் வாசலில் விட்டுவிட்டு, துணி மூட்டையைத் திண்ணையில் வைத்த கையோடு அடுத்த வண்டிக்கே திரும்பிவிட்டார்.

சின்னம்மாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இடுப்பில் பதினான்கு மாதக் குழந்தை; அவனைச் சின்னவன் என்றே அழைத்தோம், இன்றும் அதுவே அவனுக்குப் பெயர். எங்கள் ஐவரையும் அவள் ஒரு முறை பார்த்தாள். மலைத்துப்போனாளோ என்னவோ, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "கையக் காலக் கழுவிட்டு வாங்கப்பா, சோறு ஆறுது" என்றாள். பதினொரு மாதம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம்.

கார்த்திகைப் பெண்டிர் அறுவர் சேர்ந்து முருகன் என்னும் ஒரு குழந்தையை வளர்த்த வரலாற்றைக் கேட்டே வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்து மக்கள். திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் இருக்கிற மண் இது. எங்கள் வீட்டிலோ அந்தக் கதை தலைகீழாக நடந்தது. பிள்ளைகள் அறுவர், பெண் ஒருத்தி. உறவினர் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டவளின் மனத்தை நம்மவர் தாராளமாகப் புகழ்வார்கள். அவளுடைய இரண்டு கைகள் ஒரு நாளில் என்னென்ன செய்தன, எவற்றைச் செய்ய இயலாமல் கைவிட்டன என்பதை விசாரிக்கிறவர்கள் அபூர்வம். இடுப்பில் தன் சொந்தக் குழந்தை ஒன்றும் இருக்கும்போது, புகழப்பட்ட அந்தப் பெருமனத்துக்கான விலையில் ஒரு பங்கை அந்தக் குழந்தை கொடுக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு கடன்காரனைப் பற்றித்தான், ஐம்பது ஆண்டு கழித்து, நான் எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் மாதங்களைக் கூர்ந்து கவனித்தவர்கள். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வருக என்றழைக்கும் வருகைப் பருவம், அதன்பின் அம்புலியைக் காட்டும் பருவம் என்று வகுத்தார்கள். மதுரை மீனாட்சியின் மேல் பதினேழாம் நூற்றாண்டில் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரும் அந்த வரிசையிலேயே பாடினார். எங்கள் சின்னவன் வருகைக்கும் அம்புலிக்கும் நடுவில் இருந்தான். நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. எட்டத் தெரியும், எதை எட்டலாகாது என்று தெரியாது. அடுப்பும் அரிவாள்மனையும் அண்டாத் தண்ணீரும் உள்ள வீட்டில் அந்த வயதுக் குழந்தையை விட ஜாக்கிரதை வேண்டிய பொருள் வேறொன்றும் இல்லை.

சித்தப்பாவுக்குப் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். பென்னிகுவிக் கட்டி 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், வைகையோடு சேர்ந்து, பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கரை இருபோக நிலமாக்கியிருக்கிறது. வாடிப்பட்டி வட்டாரத்துக் கழனிகள் அந்த வரிசையில் முன்னால் நிற்பவை. இருபோகம் என்றால் நடவும் களையெடுப்பும் வருஷத்துக்கு இரண்டு தடவை. சொந்த நிலத்தில் மட்டுமின்றி, கூலிக்கும் சின்னம்மா போய்க்கொண்டிருந்தாள். ஆக, விடியற்காலையில் எழுந்து தண்ணீர் சுமந்து, சாணம் தெளித்து, ஆறு பிள்ளைகளுக்கும் ஆகாரம் செய்து, பள்ளிக்குப் போகிறவர்களை அனுப்பி, அதன்பின் வயலுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு இந்தத் தளர்நடைக்காரன் மீது கண்ணை எப்படி வைத்திருக்க முடியும்?

அவள் கண்ணை வைக்கவில்லை, காதை வைத்தாள். சின்னவனின் காலில் சலங்கை கோத்த வெள்ளிக் கொலுசு இருந்தது. சமையலறையில் குனிந்து அம்மியில் அரைக்கும்போதும், கொல்லையில் பாத்திரம் துலக்கும்போதும், அவள் செவி அந்த ஒலியின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். "சத்தம் கேட்டா பயமில்ல, சத்தம் நின்னாத்தான் ஓடணும்" என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டியை, வேலை முடிந்ததும், மீதியிருக்கிற நீரைத் தென்னைக்கு ஊற்றிக் கவிழ்த்துவிடுவாள். கொல்லைக் கிணற்றுக்குப் பழைய கதவு ஒன்றை மூடியாகப் போட்டு, அதன்மேல் ஆட்டுக்கல்லின் குழவியை ஏற்றிவைத்திருந்தாள். இது வெறும் பயந்த சுபாவம் அன்று. நீர்நிலை மிகுந்த வங்காளதேசத்தில் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பதை ஆராய்ந்தவர்கள், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளோரே அதிகம் இறக்கிறார்கள் என்றும், தாய் சமையலிலும் வீட்டு வேலையிலும் முழுகியிருக்கும் முற்பகல் நேரமே ஆபத்து மிகுந்தது என்றும் கண்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் வேலியோ மூடியோ மட்டும் அன்று. ஒன்பது மாதம் முதல் நாற்பத்தேழு மாதம் வரையுள்ள பிள்ளைகளைக் காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை ஒரு பெண்ணின் பராமரிப்பில் வைக்கும் ஆஞ்சல் என்னும் கிராமக் காப்பகங்கள். ஆஞ்சல் என்றால் வங்க மொழியில் சேலை முந்தானை. நான்கு மணி நேரம் பிறிதொருத்தியின் முந்தானை கிடைத்தால் குழந்தை பிழைக்கிறது என்பது எவ்வளவு எளிய உண்மை!

சோற்று நேரத்தில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முதலில் சின்னவனுக்கு ஊட்டி முடித்துவிட்டுத்தான் எங்களை அழைப்பாள்; ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தபின் ஆறாவதாக அவனுக்கு ஊட்டத் தொடங்கினால், எங்களுக்குப் போக மிஞ்சியதே அவனுக்குப் போகும் என்பது அவள் எண்ணம். எங்களுக்குத் தட்டுகள் இல்லை. பெரிய ஈயம் பூசிய பாத்திரத்தில் சோற்றையும் குழம்பையும் பிசைந்து, உருண்டை உருட்டி, வட்டமாக நீட்டிய கைகளில் வரிசையாகப் போடுவாள். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி உருண்டையை மட்டும் தினம் ஒருவர் கையில், முறை வைத்து, சற்றுப் பெரிதாகப் போடுவாள். அன்றைய முறை யாருடையது என்பதை நாங்கள் மறந்தாலும் அவள் மறந்ததில்லை.

ஐப்பசி மழையில் என் பெரிய தம்பி பள்ளியிலிருந்து மணல்வாரி என்னும் தட்டம்மையைக் கொண்டுவந்தான். அந்த வீட்டில் இருந்த எங்கள் அம்மாச்சி வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக நாங்கள் படுத்து எழுந்தோம். கடைசியில் சின்னவன் படுத்தான். தட்டம்மைத் தடுப்பூசி நம் நாட்டுத் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 1985-இல். அதற்கு முந்திய காலத்தில் பல பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் மூத்தவன் பள்ளியிலிருந்து எடுத்துவரும் அம்மை, இடுப்புப் பிள்ளையையே கடுமையாகத் தாக்கும். அவன் பிழைத்தான். ஆனால் அதற்குப்பின் விளையாட்டு நின்றது, கொலுசுச் சத்தம் குறைந்தது. சின்னம்மாவோ ஐந்து நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஓய்ந்திருந்தாள், அறுவடையும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது சின்னவனின் அரைஞாண் கயிறு இடுப்பைவிட்டு நழுவித் தொடைக்கு வந்தது. சின்னம்மா அந்தக் கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். இரண்டு விரல் உள்ளே போயிற்று. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ள சவலையாப் போனானே" என்று அழுதாள். அந்தப் பதினொரு மாதத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சவலை என்னும் சொல்லை நகரத்துப் பிள்ளைகள் இன்று அறியமாட்டார்கள். தாய்ப்பாலும் தாயின் மடியும் போதிய காலத்துக்கு முன்பே வேறொரு பிள்ளைக்குப் போய்விட, ஏங்கி மெலிந்துபோகும் குழந்தையைக் குறிக்கும் சொல் அது. மெலிவையும் ஏக்கத்தையும் ஒரே சொல்லில் வைத்தார்கள் நம் முன்னோர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றிய ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், அங்கே வீங்கிய கால்களும் நிறம் மாறிய தோலும் கொண்ட குழந்தைகளைப் பரிசோதித்து, அந்த நோய்க்கு அந்நாட்டுக் கா மொழித் தாய்மார் வழங்கிய பெயரையே 1935-இல் வைத்திய உலகுக்கு எடுத்துக் கொடுத்தார். குவாஷியோர்க்கர் என்னும் அந்தச் சொல்லுக்கு, அடுத்த குழந்தை பிறந்ததால் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். கடல் கடந்த இரண்டு மொழிகளின் தாய்மார், ஒருவரையொருவர் அறியாமலே, உணவுக் குறைவைத் தாய்மடியின் பங்கீட்டோடு சேர்த்தே பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை நான் வெகு காலம் கழித்துப் படித்தபோது, எனக்கு அந்த அரைஞாண் கயிறு நினைவுக்கு வந்தது. சின்னவனுக்கு அடுத்த குழந்தை பிறக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர் ரயிலேறி வந்து சேர்ந்தோம்.

மறுநாளிலிருந்து சின்னம்மா ஒரு காரியம் செய்தாள். விளக்கேற்றிய பின், எங்கள் ஐவரையும் கண் மங்கிய அம்மாச்சியின் கதைக்கு ஒப்படைத்துவிட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத் திண்ணைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேழ்வரகுக் கூழில் பனைவெல்லம் கரைத்து, நாட்டுக்கோழி முட்டை கிடைத்த நாளில் அதையும் வேகவைத்து, அரை மணி நேரம் அவனுக்கு மட்டுமே தாயாக இருப்பாள். அவன் தின்பதைவிட, அவள் பேசுவதையே நாங்கள் கதவுக்கு இப்பால் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். எங்களுக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்? எங்கள் தாய் ஆஸ்டின்பட்டியில் இருந்தாள், அவன் தாய் கதவுக்குப் பின்னால் இருந்தாள். ஒரு நாள் என் தங்கை கதவைத் தட்டித் தட்டி அழுதாள். கதவு திறக்கவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தை பிறந்தபோது அரைஞாண் கயிறு மறுபடி இடுப்பில் நின்றது.

கயிற்றைப் பார்த்து அறிந்ததை எடைத்தராசு கொண்டு அறியும் காலம் எங்கள் ஜில்லாவுக்கு ஏழு ஆண்டு கழித்து வந்தது. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு முதல் சோதனைக் களமாக அமைந்தது, மதுரை ஜில்லாவின் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் தயங்குகிற பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தொண்ணூறு நாள் விசேஷ ஆகாரம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சோறு போடும் ஏற்பாடு காமராஜர் காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. பேச்சு வராத, தட்டை ஏந்தி வரிசையில் நிற்க முடியாத பிள்ளைதான் முதலில் மெலிகிறது என்பதைக் கணக்கில் எடுத்த அந்தத் திட்டத்தை, சவலை என்ற சொல்லைப் புரிந்துகொண்ட திட்டம் என்றே நான் மதிக்கிறேன். இன்று அங்கன்வாடியில் கைச்சுற்றளவு பார்க்கும் வண்ண நாடா உள்ளது. மேற்கையின் சுற்று பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, பன்னிரண்டரைக்கு மேல் பச்சை. அரைஞாண் கயிற்றின் சாஸ்திரமும் அதுவே.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடையும் அம்மையும் ஒன்றாக வந்த அந்த நாட்களில் சின்னவனைப் பகலில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை. "நாலு நாளைக்கு இருந்து பாத்துக்க தாயி" என்று சின்னம்மா கேட்டாள். அக்கா பள்ளிக்குப் போகாமல் நின்றாள். நாலு நாள் நாலு வாரமாயிற்று. பின் பரீட்சை வந்தது. பின் அம்மா குணமாகி வந்தபோது அவளுக்கு உதவியாக வீட்டில் ஒரு பெண் வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பின் பாதியில் நின்றுபோன படிப்பு பிறகு தொடரவே இல்லை. அவளை மறுபடி பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் பட்டப் படிப்பு முடித்தேன், தம்பிகள் உத்தியோகத்துக்குப் போனார்கள். சின்னவன் பேசத் தொடங்கியபோது, தன்னை இடுப்பில் சுமந்த அக்காவைத்தான் முதலில் அம்மா என்று அழைத்தான். சின்னம்மாவின் முகம் மாறியதைக் கண்டு, அக்காவே அவனுக்கு "அக்கா" என்று திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்தாள். அவன் இரண்டையும் விடாமல் சேர்த்து "அக்காம்மா" என்றான். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வேறொன்றும் என் மனத்தை வாட்டுகிறது. சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தார் 1956-இல் தொடங்கிச் செய்த ஆராய்ச்சி, முறையாக மருந்துண்டால் வீட்டிலிருக்கும் நோயாளியும் சானடோரியத்து நோயாளிக்கு நிகராகவே குணமடைகிறார் என்றும், அதனால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக நோய் தொற்றிவிடுவதில்லை என்றும் 1959-லேயே உலகுக்கு நிரூபித்துவிட்டது. உலகமெங்கும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது நம் சென்னையில் நடந்த அந்த ஆராய்ச்சி. ஆயினும் ஒரு குடும்பத்தின் பயத்தை மாற்றப் பதினான்கு ஆண்டு போதவில்லை.

அண்மையில் அக்காவை அழைத்துக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போயிருந்தேன். மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று. திண்டுக்கல் சாலை நான்கு வழிச் சாலையாயிற்று. சிறுமலை மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. இடுப்பெலும்பு தேய்ந்து, திண்ணையிலேயே இருக்கிறாள். சின்னவனின் மருமகள் கதவைத் திறந்தாள். இடுப்பில் பதினைந்து மாதக் குழந்தை. பின்னால் நான்கு பிள்ளைகள். அந்நால்வரும் அவளுடைய அக்காவின் மக்கள்; தாய் தந்தை இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்விட, இந்தப் பள்ளி வருஷம் முழுவதும் இங்கே இருக்கிறார்கள். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் இந்த வீட்டின் காலைப்பொழுது எங்கள் காலத்துக் காலை அன்று. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள மூன்று பிள்ளைகளும் பள்ளியிலேயே உண்கிறார்கள். அதனால் பசி தீர்கிறது என்று மட்டுமே பேசுகிறார்கள். ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் ஓர் அடுப்படி ஓய்ந்து, இடுப்புப் பிள்ளைக்குத் தாய் கிடைக்கிறாள் என்பதை நான் அந்த வீட்டில் கண்ணால் கண்டேன். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு அரசு கொரோனாக் காலத்தில் மாதம் மூவாயிரம் ரூபாய் அளித்ததும், 2025-இல் அன்புக் கரங்கள் என்னும் பெயரில் மாதம் இரண்டாயிரம் அளிக்கத் தொடங்கியதும் போற்றத்தக்கவை. பெற்றோர் உயிரோடு பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் இந்த நால்வருக்கு அவை பொருந்தா. ஏற்று வளர்ப்பவளின் சொந்தக் குழந்தையை எந்தத் திட்டமும் எண்ணுவதில்லை.

பணத்தைவிட இந்த மருமகளுக்கு வேண்டியது முற்பகலில் நான்கு மணி நேரம். நம் பால்வாடிகள் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளையே நாள் முழுதும் வைத்துக்கொள்கின்றன. வாரத்துக்கு மூன்று முட்டையும் அந்த வயதிலிருந்துதான். கொலுசு கட்டி நடக்கிற வயதுப் பிள்ளை அதற்கு வெளியே நிற்கிறது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டமோ, வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐவர் வந்துவிட்டால் அவர்களைப் பார்த்துக்கொள்வதையே ஒரு பெண்ணுக்கு வேலையாகக் கொடுத்துக் கூலி தரவேண்டும் என்று எழுதியது. ஐந்து பிள்ளைகளைப் பார்ப்பது ஓர் ஆளின் முழு நாள் வேலை என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது! ஆறு மாதக் குழந்தையிலிருந்தே ஏற்கும் பால்னா காப்பகங்களை அங்கன்வாடியோடு இணைக்க 2022 முதல் மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது. ஒவ்வோர் ஊரின் பால்வாடியிலும் ஒரு தொட்டிலும் கூடுதலாக ஒரு பெண்ணும் வரவேண்டும் என்று கேட்பது பேராசை அன்று. அது இருந்திருந்தால் அக்கா பள்ளிக்குப் போயிருப்பாள்.

சின்னம்மாவிடம், அன்று அந்தக் கதவைத் திறக்காமல் இருந்ததைப் பற்றிக் கேட்டேன். அவள் மறந்திருக்கவில்லை. "ரெண்டு கைதானப்பா இருந்துச்சு" என்றாள்; சற்றுப் பொறுத்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ கையச் சேத்து எண்ணிக்கிட்டேன்" என்றாள்.

அன்று எடை பார்க்கும் நாள். மருமகள் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருவதற்குள், அக்கா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடந்துவிட்டாள். அறுபத்துமூன்று வயது இடுப்பில் அவன் முன்பின் பழகியவன் போல் உட்கார்ந்துகொண்டான். பால்வாடியில் எடை பார்த்தார்கள், கையைச் சுற்றி நாடாவைப் போட்டார்கள், பச்சையில் நின்றது. பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த பணியாளர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் குழந்தைக்குக் காட்டிக் கொண்டிருந்த அக்கா திரும்பினாள்; உறவுமுறையை மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்தாள்; பிறகு சொன்னாள்:

"அக்காம்மான்னு எழுதிக்கங்க."